வாவிக்கரைப் பிள்ளைகளின் உளநலமும் வளர்ந்தோர் கடனும்

பிள்ளைகளின் உளநலம் பற்றிப் பேசப்புகும்போது மருத்துவரையும் மருந்தையும் முதலில் நினைப்பது வழக்கமாகிவிட்டது. ஆயின், நெருக்கீட்டுக்குள்ளான பிள்ளைகளுட் பெரும்பாலோரை மீட்டெடுப்போர் யாவர் என்னும் வினாவுக்கு மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் அனுபவம் வேறொரு விடையைத் தருகின்றது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான இவ்வாவியின் கடற்பக்கம் எழுவான்கரை எனவும், வயல் சார்ந்த மேற்குப்பக்கம் படுவான்கரை எனவும் வழங்கும். 1987இலும் 1991இலும் கொக்கட்டிச்சோலையிலும், 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலும் படுகொலைகள் நிகழ்ந்தன. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாவலடி முதலிய ஊர்களை அழித்தது. 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பிற் பலியானோருட் பலர் சிறுவர். ஆக, ஏறத்தாழ ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளைகளும் இங்கு ஏதேனுமொரு பேரிழப்பின் நிழலிலேயே வளர்ந்துள்ளனர்.

பிள்ளை தன் துயரைத் துயரென்று சொல்வதில்லை. வயிற்றுவலி, தலையிடி, கெட்ட கனவு, படுக்கையில் சிறுநீர் கழித்தல், தாயை விட்டகலாமை, பாடத்திற் கவனமின்மை, கண்ட கொடுமையையே திரும்பத் திரும்ப விளையாடுதல் என்பனவே அதன் மொழி. இம்மொழியை அறியாத வளர்ந்தோர் ‘குழப்படி’ என்றும் ‘சோம்பல்’ என்றும் பெயரிட்டுத் தண்டிக்கின்றனர். அச்சத்தின்மேல் அவமானமும் சேர்கின்றது. இதனோடு ஒப்பிடுகையில், ‘பிள்ளை பயந்துவிட்டது’ என்று கூறித் தண்ணீர் ஓதிக்கொடுப்பதும் நூல் கட்டுவதுமாகிய மரபு கருதத்தக்கது. இது தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராரிடையேயும் காணப்படுவது. இதனை மூடநம்பிக்கையென ஒதுக்குமுன், அது பிள்ளையைக் குற்றவாளியாகக் காணாது அஞ்சியவராகக் காண்கின்றது என்பதையும், மூத்தவரொருவர் பிள்ளையருகே அமர வழிசெய்கின்றது என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். அதுவே போதுமென்பது எமது வாதமன்று.

பிறநாட்டு ஆய்வுகளும் இத்திசையையே சுட்டுகின்றன. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லண்டனில் சிறுவர் இல்லங்களை நடத்திய அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்காமும், குண்டுவீச்சைக் காட்டிலும் தாயைப் பிரிதலே சிறுவரைப் பெரிதும் பாதித்ததென அவதானித்தனர். ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான கவாயில் 1955இற் பிறந்த 698 குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர் எமி வேர்னர். மிக்க இடர்களிடையே பிறந்தவர்களுள் மூன்றிலொரு பங்கினர் ஆற்றலும் அன்பும் உடையவர்களாக வளர்ந்தமைக்கு, நிலையான அன்பு காட்டிய ஒரு வளர்ந்தவரேனும் அவர்களுக்கு வாய்த்தமை முக்கிய காரணமென அவர் கண்டார். அவ்வளர்ந்தவர் பெற்றோராகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை.

மட்டக்களப்பில் இவ்வுண்மையைச் செயலிற் காட்டியது, 1996இல் இயேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. போர் நடந்துகொண்டிருந்த அக்காலத்திலேயே தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் அங்கு ஒன்றுகூடினர். களிமண் பிசைந்தனர், ஓவியம் தீட்டினர், கதை புனைந்தனர், விலங்குகளைப் பராமரித்தனர். உடனிருந்தோர் பெரும்பாலும் உள்ளூர் இளைஞர், யுவதிகள். ‘உனக்கு என்ன நேர்ந்தது?’ என்று பிள்ளையைத் துருவிக் கேளாமையே அதன் சிறப்பு. சொல்ல விரும்பும் பிள்ளை களிமண்ணிலோ வண்ணத்திலோ தன் வேளையிற் சொல்லும், வளர்ந்தவர் காத்திருப்பார். கொடுமையைக் கண்டோரை உடனடியாக ஒரே அமர்விற் பேசவைக்கும் முறையைச் சர்வதேச வழிகாட்டல்களும் இன்று பரிந்துரைப்பதில்லை.

இப்பிரதேசத்துக்கே உரிய மற்றொரு வளம் தாய்வழிக் குடிமுறையாகும். மணமான பெண் தாய்வீட்டிலோ அதனருகிலோ வாழ்வதால் அம்மம்மாவும் பெரியம்மாவும் சின்னம்மாவும் கூப்பிடு தூரத்தில் உள்ளனர். தாய் வேலைதேடி மத்தியகிழக்குக்குச் செல்லும்போது பிள்ளையைத் தாங்குவது இவ்வுறவே. ஆதலால், இடர்களின் பின் மக்களை மீள்குடியேற்றுவோர் வீட்டின் சுவர்களை மட்டும் எண்ணினாற் போதாது. எந்த வீட்டின் அருகே எந்த வீடு இருந்தது என்பதையும் கேட்டல் வேண்டும்.

இனி வளர்ந்தோர் செய்யத்தக்கவற்றைத் தொகுத்து நோக்குவோம். உணவும் உறக்கமும் பாடசாலையும் விளையாட்டும் உரிய நேரத்தில் நிகழ்தல் பிள்ளைக்கு உலகின்மீது நம்பிக்கையை மீட்டுத் தரும். இறந்தவரை ‘வெளியூர் போயிருக்கிறார்’ என்று மறைத்தலினும், வயதுக்கேற்ற எளிய சொற்களில் உண்மையைக் கூறி, அழுகையில் உடனிருத்தல் நன்று. ஆசிரியர் பிரம்பைத் தவிர்த்து, மாறிப்போன பிள்ளையைத் தனியே அழைத்துப் பேசுதல் வேண்டும். குறிகள் வாரக்கணக்கில் நீடித்தாலோ, பிள்ளை தன்னைத் தான் வருத்தினாலோ, சாக விரும்புவதாகக் கூறினாலோ தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின் ஒரு வினா எஞ்சுகின்றது. கணவனை இழந்தவளும் மகனைத் தேடி அலைபவளும் எவ்வாறு அமைதியாகப் பிள்ளையருகே அமர்வர்? அரவணைக்குமாறு அவர்களுக்கு உபதேசிப்பது எளிது. அவர்களுக்கு வருவாயும் நீதியும் ஓய்வும் கிடைக்கச் செய்வதே அரிது. பிள்ளையைத் தாங்கும் கைகளைத் தாங்குதல் சமூகத்தினதும் அரசினதும் கடன். அக்கடனைத் தவிர்த்துப் பேசப்படும் உளநலம் வெறும் சொல்லாகவே எஞ்சும்.