சொத்து போச்சு... புகை மிச்சம்!

எங்க பெரியப்பா அந்தக் காலத்தில் வெள்ளைச் சட்டையோடு புதுச்சேரியில் விழுப்புரம் பாசஞ்சர் ஏறுவார். இறங்கும்போது சட்டை முழுக்கக் கரிப்புள்ளிக் கோலம்! ‘விட்டது தொல்லை’ என்று இருக்கவேண்டாமோ? ‘‘இப்போ ரயில்ல அந்த வாசனை இல்லையேடா’’ என்று இன்னமும் பெருமூச்சு விடுகிறார்.

இந்தப் பித்தில் உலக சாம்பியன், இங்கிலாந்தின் ஆலன் பெக்லர். 1923-ல் பிறந்த நீராவி என்ஜின் ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’, 1934-ல் மணிக்கு 100 மைல் வேகம் தொட்டது. 1963-ல் அதற்கு ஓய்வு கொடுத்ததும், 3,000 பவுண்டுக்கு வாங்கிவிட்டார் மனுஷன். 1969-ல் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். பார்க்கக் கூட்டம் அலைமோதியது, கல்லாதான் நிரம்பவில்லை. 1972-ல் திவால்! கப்பல் பயணிகளுக்கு ரயில் கதை சொல்லிக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார். அமெரிக்காவில் அநாதையாக நின்ற என்ஜினை 1973-ல் வில்லியம் மெக்ஆல்பைன் மீட்டார். 1988-ல் அது ஆஸ்திரேலியா போனது. மறு வருஷம் அங்கே நிற்காமல் 679 கிலோமீட்டர் ஓடி உலக சாதனை!

என் பி.காம். மூளைக்கு, பெக்லர் கணக்கு சுத்த நஷ்டம். ஆனால் அவர் வாங்காவிட்டால் சாதனை ஏது சார்?

1855-ல் லீட்ஸில் செய்து, நம் நாட்டுக்குக் கப்பலில் வந்த ‘இ.ஐ.ஆர்.-21’ என்ஜினுக்கு 2010-ல் மறுபடி உயிர் கொடுத்தது நம்ம பெரம்பூர் பணிமனை. சென்னையில் அது ஓடியபோது பெரியப்பாவை அழைத்துப்போனேன். வெள்ளைச் சட்டைதான். தோளில் ஒரே ஒரு கரிப்புள்ளி விழுந்தது.

அந்தச் சட்டையைத் துவைக்கப் பெரியம்மாவிடம் அவர் இன்னும் கொடுக்கவில்லை!