எலும்பை வெட்டாமல் நெஞ்சை நிமிர்த்துவது

ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள எஃகுப் பட்டை, வில்லாக வளைக்கப்பட்டது. பதினான்கு வயதுப் பையனின் வலது அக்குளுக்குக் கீழே சிறு கீறல் போட்டு, அதன் வழியாக அந்தப் பட்டையை உள்ளே விடுகிறார் அறுவை மருத்துவர். நெஞ்செலும்புக்கும் இதயத்துக்கும் நடுவே நகர்ந்து, இடப்பக்கக் கீறலில் அது தலைகாட்டுகிறது. பட்டையின் குழிந்த பக்கம் இப்போது மேல்நோக்கி இருக்கிறது. முனைகளைக் கருவியால் பிடித்து 180 டிகிரி புரட்டுகிறார். அவ்வளவுதான், பிறந்ததிலிருந்து உள்வாங்கியே இருந்த மார்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து மட்டமாகிறது! எந்த எலும்பையும் வெட்டவில்லை.

விலா எலும்புகளை நெஞ்செலும்போடு இணைக்கும் குருத்தெலும்புகள் கோணலாக வளர்ந்தால் மார்பு குழிவிழும். ஏறக்குறைய 300 அல்லது 400 குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். சிறுவயதில் பெரிதாகத் தெரியாத குழி, மளமளவென்று உயரம் கூடும் வயதில் ஆழமாகும். சிலருக்கு அழகுக் குறை மட்டுமே. ஆழமான குழியோ இதயத்தை அழுத்தி இடப்பக்கம் தள்ளிவிடும்; ஓடினால் மூச்சு வாங்கும்.

இதைச் சரிசெய்ய, 1949இல் அறுவை மருத்துவர் மார்க் ராவிச் விவரித்த முறைதான் நெடுங்காலம் கோலோச்சியது. மார்பைத் திறந்து, கோணலான குருத்தெலும்புகளை அகற்றி, நெஞ்செலும்பை வெட்டி நிமிர்த்துவார்கள். ஆனால் குருத்தெலும்பில்தான் வளர்ச்சி நடக்கிறது. மிகச் சிறு வயதிலேயே அதை ஏராளமாக அகற்றிய சில குழந்தைகளுக்கு உடம்பு வளர்ந்தும் மார்புக்கூடு வளராமல் நின்றுவிட்டது. 1996இல் ஹாலர் என்ற மருத்துவர் இதை வெளிப்படுத்தியபோது துறையே அதிர்ந்தது.

அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நார்ஃபோக் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், தென்னாப்பிரிக்காவில் பிறந்த டொனால்ட் நஸ் வேறு வழியைத் தொடங்கியிருந்தார். அவருடைய தர்க்கம் எளிமையானது. எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோய் வந்த வயதானவர்களுக்கே மார்பு மெல்ல உருண்டு பீப்பாய் வடிவம் ஆகிறது. முற்றிய எலும்பே இப்படி வளைந்து கொடுக்குமென்றால், பிள்ளைகளின் இளங்குருத்தை எதற்கு வெட்ட வேண்டும்? பல்லுக்குக் கம்பி கட்டுவதைப்போல, உள்ளிருந்து தாங்கி நிறுத்தினால் போதாதா?

1987இல் முதல் அறுவை. தொடக்ககாலப் பட்டைகள் மென்மையாக இருந்ததால் சிலருக்குப் பலன் சரியாக நிற்கவில்லை. நஸ் உடனே கொட்டு முழக்கவில்லை. பத்தாண்டுகளில் 42 பிள்ளைகளுக்குச் செய்து பார்த்து, 1998இல்தான் கட்டுரையாக வெளியிட்டார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பொறுமைதான்.

தழும்பு சிறியது என்பதால் அறுவையும் சிறியது என்று நினைத்துவிடக் கூடாது. பட்டையின் முனை இதயத்தை உரசுமளவு நெருக்கத்தில் கடந்து போகிறது. முதலில் கைப்பழக்கத்தை நம்பிச் செய்ததை, இப்போது நெஞ்சுக்குள் கேமராக் குழாயைச் செலுத்தித் திரையில் பார்த்தபடி செய்கிறார்கள். வலியும் கடுமையானதே. விலா எலும்புகளை ஒட்டிய நரம்புகளைக் குளிரால் உறைய வைத்துச் சில மாதங்களுக்கு மரத்துப்போகச் செய்யும் உத்தி வந்த பிறகு, பிள்ளைகள் சீக்கிரம் வீடு திரும்புகிறார்கள். பட்டை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் உள்ளே இருக்கும். அதற்குள் குருத்தெலும்பு புதிய வடிவத்துக்குப் பழகிவிடும். பிறகு பட்டையை உருவி எடுத்துவிடுவார்கள்.

குழி இருக்கும் எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேனில் மார்பின் அகலத்தை, நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் உள்ள மிகக் குறைந்த இடைவெளியால் வகுப்பார்கள். சாதாரண மார்பில் 2.5 அளவில் வரும். அகலம் 26 செ.மீ., இடைவெளி 8 செ.மீ. என்றால் 3.25, அதைத் தாண்டினால் அறுவையைப் பற்றி யோசிக்கிறார்கள். குழி லேசானதென்றால் உடற்பயிற்சியும், மார்பின் மேல் வைத்துக் காற்றை உறிஞ்சித் தோலோடு எலும்பை மேலே இழுக்கும் கருவியும் இருக்கின்றன.

சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டு நீச்சலுக்கு வர மறுக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், பெரியவனானால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.