சிறுநகர் வாழ்வும் வாணிகமும்

நகரம், கிராமம் என இருபாற்படுத்திப் பேசுதல் நம்மிடையே பெருவழக்கு. அவ்விரண்டிற்கும் இடைப்பட்டதாய், சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் சந்தையாயும் கடைவீதியாயும் விளங்கும் சிறுநகரைப்பற்றி ஆராய்வார் மிகச் சிலரே. அத்தகைய நகரிலே வாழ்வதற்கும் வாணிகஞ் செய்வதற்கும் மக்களை ஈர்க்குந் தன்மை யாதென்பதைச் சாவகச்சேரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு நோக்குவாம்.

தென்மராட்சியின் தலைநகர் போன்று கண்டி வீதியில் அமைந்தது இந்நகர். காங்கேசன்துறையிலிருந்து இடப்பட்ட புகையிரதப் பாதையின் முதற்கூறு 1902 ஆம் ஆண்டில் இங்கே வந்து முடிந்தது. 1905 இல் அப்பாதை தென்னிலங்கைப் பாதையோடு இணையவே, இப்பகுதியின் தேங்காய்க்கும் மாம்பழத்திற்கும் பலாப்பழத்திற்கும் தூரத்துச் சந்தைகளை அடைய வழி பிறந்தது. ஆயினும், விளைபொருள் வெளியே சென்றதென்பதால் மட்டும் ஓரூர் வாணிக நகராகிவிடாது. விற்றுப் பெற்ற பணம் அவ்வூர்க் கடைகளிலேயே திரும்பவுஞ் செலவாதல் வேண்டும்.

சிறுநகர்க் கடைக்காரரைப்பற்றி மிக நுட்பமாக எழுதியவர் அதம் சிமித் ஆவர். இசுக்கொத்துலாந்தின் கேர்க்கோடி என்னுஞ் சிறு துறைமுகப் பட்டினத்திலே 1723 இற் பிறந்தவர் அவர். 1776 இல் வெளிவந்த தமது பெருநூலின் பெரும்பகுதியையும் அவ்வூரிலிருந்தே எழுதினார். சிறு துறைமுகப் பட்டினத்துப் பலசரக்குக் கடைக்காரன் நூறு பவுண் முதலுக்கு நாற்பது ஐம்பது வீதம் ஊதியம் பெறுகிறான் என்றும், பதினாயிரம் பவுண் முதலுடைய மொத்த வியாபாரி எட்டுப் பத்து வீதம் பெறுவதே அரிதென்றும் அதிற் கூறுகிறார். தம் ஊரையே மனத்திற்கொண்டார்போலும். முன்னவன் கொள்ளைக்காரன் அல்லன். அவ்வூதியத்திற் பெரும்பகுதி உண்மையில் அவனது உழைப்பிற்குரிய கூலியே என்பது அவர் கருத்து. எழுத்தும் கணக்கும் அறிந்து, ஐம்பது அறுபது வகைச் சரக்கின் தரமும் விலையும் அறிந்திருத்தல் எளிதன்று.

சாவகச்சேரிக் கடைக்காரர் சரக்கோடு ஆளையும் அறிந்திருத்தல் வேண்டும். ஆசிரியர் மாத முடிவிலே கணக்குத் தீர்ப்பார். நெற்செய்கையாளர் தை மாசியில் அறுவடை முடிந்த பின்னரே தீர்ப்பார். பலாவும் மாவும் உடையவர் அவை பழுக்குங் காலத்திலே தருவார். யாருக்கு எவ்வளவு, எதுவரை என்பது கடைக்காரரின் உள்ளத்தில் எழுதப்பட்டிருக்கும். கடன் கொப்பி அதன் பிரதியேயாம். போர் முடிந்தபின் வடபகுதியிற் பெருகிய நுண்கடன் நிறுவனங்கள் வாரந்தோறுந் தவணை கேட்டன. வாரந்தோறும் பலா பழுப்பதில்லை. அதனால் நேர்ந்த இடர்களை நாமெல்லாம் அறிவோம்.

2000 ஆம் ஆண்டுப் போரிலே இந்நகர் பெரிதும் அழிந்தது. மக்கள் இடம்பெயர்ந்தனர். மீண்டு வந்தோர் கூரையிழந்த சுவர்களையே கண்டனர். அத்தகைய இடத்திலே மறுபடியும் கடை திறப்பதற்கு ஒருவரைத் தூண்டியது யாது? எனக்கு அறிமுகமான பலசரக்கு வியாபாரி ஒருவரிடம் இதனை வினவினேன். "கொப்பிதான் மாஸ்ரர் எரிஞ்சு போச்சு. ஆக்களை எனக்குத் தெரியுந்தானே" என்றார். பழைய கடனைத் தாமாகவே நினைந்து வந்து கொடுத்தோர் பலர். அவர் நினைவிலிருந்த தொகையினுங் குறைத்துச் சொன்னோரும் உளர், சொன்னதை வாங்கிக்கொண்டாராம். திரும்பி வராதோரைப்பற்றி அவர் பேசவில்லை, யானுங் கேட்கவில்லை.

இனி, இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. தெரிந்தவரிடம் கடனைத் திருப்பிக் கேட்க நாக் கூசும். ஒருவர் கைத்தொலைபேசிக் கடை வைத்து நான்கு காசு கண்டால், அதே வீதியில் மூவர் வைப்பர். அன்றியும், சிறுநகரிலே முதல் பெருகும் அளவிற்கு வாணிகம் பெருகாது என்று சிமித் கூறியதும் இங்கே பொருந்தும். வாங்குவோர் தொகை வரையறைப்பட்டது. ஆகவே, மிஞ்சிய பணம் காணியாயும் சீதனமாயும் பிள்ளைகளின் கல்வியாயும் மாறிற்று. அக்கல்வியோ பிள்ளைகளைக் கொழும்பிற்கும் கடல்கடந்த நாடுகளுக்கும் கொண்டுசென்றது. மேற்கூறிய வியாபாரியின் புதல்வர் மூவருள் ஒருவரே இன்று கடையில் இருக்கின்றார். கல்வியைக் குறைகூறுதல் ஆசிரியனாகிய எனக்குத் தகாது. எனினும், நாம் கற்பித்தது பெரும்பாலும் ஊரைவிட்டுச் செல்லும் வழியையே என எண்ணாதிருக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு உயர்தர வணிகப் பிரிவு மாணவரிடம், இந்நகரிலே தொழில் தொடங்க எண்ணுவோர் கையுயர்த்துக என்றேன். இருவர் உயர்த்தினர். ஒருவரின் தந்தையாருக்குக் கடையுண்டு. மற்றவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அம்மாணவர் பாடம் முடிந்தபின் என்னிடம் வந்து, யாழ்ப்பாணத்து மொத்த வியாபாரியிடம் முதற்சரக்கைக் கடனாகப் பெறுவதற்கு யார் பிணை நிற்றல் வேண்டும் என்று கேட்டார். பாடநூலில் அதற்கு விடை இல்லை. மறுநாட் காலை கடைவீதிக்குச் சென்று விசாரித்து வந்தே கூறினேன்.