உங்களுக்குத் தெரியுமா? ஓய்வு கட்டாயம், நிறுத்த இடம்தான் இல்லை

அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநர், பொதுவாக, 10 மணி நேரத் தொடர் ஓய்வுக்குப் பின் பணி தொடங்கினால், அடுத்த 14 மணி நேரத்துக்குள் அதிகபட்சம் 11 மணி நேரமே வண்டி ஓட்டலாம். தூக்கக் கலக்க விபத்துகளைத் தடுக்கும் நல்ல விதிதான். ஆனால் ஓய்வெடுக்கச் சொன்ன சட்டம் நிறுத்த இடம் தரவில்லை. 2009இல் கைவிடப்பட்ட பெட்ரோல் பங்க்கில் லாரியை நிறுத்தியிருந்த ஓட்டுநர் ஜேசன் ரிவன்பர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரால் 2012இல் லாரி நிறுத்துமிடங்களுக்கான சட்டம் வந்தும் பற்றாக்குறை தீரவில்லை. முன்கூட்டியே திட்டமிடலாமே என்பார்கள். கிடங்கில் சரக்கேற்றக் காத்துக் கிடக்கும் நேரமும் அந்த 14 மணி நேரத்தில்தானே கழிகிறது? இரவில் வந்து சேர்வதற்குள் நிறுத்துமிடங்கள் நிரம்பிவிடுகின்றன. நேர வரம்பைத் தளர்த்துவது தீர்வல்ல. நெடுஞ்சாலையோரம் பாதுகாப்பான நிறுத்துமிடங்களைப் பெருக்குவது அரசின் கடமை.