மலையேறும் பெற்றோல்

ஹட்டனிலிருந்து தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40 போன்ற பழைய கார் ஒன்று ஓரமாக நின்றுவிட்டால், வழிப்போக்கர் கூறும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே: “பெற்றோல் ஆவியாகிவிட்டது, பம்பின்மேல் ஈரத்துணியைப் போடுங்கள்.” தீர்ப்பு உடனே கிடைக்கிறது, விசாரணைதான் நடப்பதில்லை. அவ்விசாரணையைப் பற்றியே சிறிது எழுத விழைகிறேன்.

மொறிஸ் மைனரில் ‘டக் டக்’ என ஒலிப்பது மின்சாரப் பம்பு. ஒஸ்ரினில் இருப்பதோ எஞ்சினே இயக்கும் பம்பு. காம் தண்டு ஒரு நெம்புகோலை அசைக்கிறது. நெம்புகோல் ‘டயப்ரம்’ எனும் மெல்லிய சவ்வைக் கீழே இழுக்கிறது. பெற்றோல் உள்ளே வருகிறது. பின்னர் ஒரு வில் சவ்வை மேலே தள்ள, அது கார்புரேற்றருக்குச் செல்கிறது. வந்த வழியே திரும்பாதபடி இரு வால்வுகள் காவல் நிற்கின்றன.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பம்பு அழுத்தத்தைக் குறைக்கிறதேயன்றி, பெற்றோலை உள்ளே தள்ளுவது வெளிக்காற்றே. 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். ஏற்றத்தில் பின்புறத் தாங்கி தாழ்கிறது, எஞ்சின் உயர்கிறது. ஆகவே, சூட்டில் பெற்றோல் ஆவியாதல் எளிது. மலைமேல் பழி சுமத்துவதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் அதே மலை ஒரு சாட்சியையும் தருகிறது: விடியற்காலைக் குளிர். குளிர்ந்த எஞ்சினும் பெற்றோலின்றித் தவிக்குமானால், ஆவி குற்றவாளியன்று.

அப்போது, எஞ்சின் குளிர்ந்திருக்கையிலேயே, தீப்பொறி எழாதபடி மின்தொடர்பைக் கழற்றிவிட்டு, கார்புரேற்றருக்குச் செல்லும் குழாயை ஒரு போத்தலுக்குள் விட்டு எஞ்சினைச் சுழற்ற வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பெற்றோல் பீறிட்டு வந்தால் பம்பு நலமே. குறையைக் கார்புரேற்றரில் தேடலாம். வராவிட்டாலும் உடனே பம்பைப் பழிக்கலாகாது. தாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம். வடிகட்டியில் துரு நிறைந்திருக்கலாம். அதன் மூடியின் தக்கை வளையம் காய்ந்து காற்றை உள்ளே விடலாம். இவை சில நிமிடங்களில் தீரும் குறைகள்.

இவையெல்லாம் சரியாயிருந்தால் எஞ்சியிருப்பவை வால்வுகளும் சவ்வுமே. சவ்வு கிழிந்தால் தீங்கு பெரிது. பெற்றோல் எஞ்சின் எண்ணெயில் கசிந்து அதை நீர்த்துப்போகச் செய்யும், பேரிங்குகள் தேயும். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகிக்கிடந்த காலத்தைக் கண்டவர்களுக்கு, தேய்ந்த ஓர் எஞ்சினின் விலை தெரியும்.

ஈரத்துணி காரை வீடுவரை கொண்டுசேர்க்கக்கூடும். அதனை நான் இகழவில்லை. ஆனால் வீடு சேர்ந்ததும் எண்ணெய் அளவுகோலை உருவி முகர்ந்து பாருங்கள். பெற்றோல் மணம் வீசினால், சவ்வை மாற்றி எண்ணெயையும் புதிதாக்கும்வரை அந்தக் கார் மலையேறலாகாது.