பொறுமைக்கு எத்தனை புள்ளி?

உயர்தரப் பெறுபேறு வந்தால் கெலிஓயாவில் எங்கட பிள்ளைகள் சிலர் உடைந்துபோகிறார்கள். சிலர் எழும்பி நடக்கிறார்கள். இந்த எழும்பும் சக்தியை உளவியலார் மீள்திறன் என்பர்.

அதை அளக்க அமெரிக்காவில் கொனரும் டேவிட்சனும் 2003இல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். 25 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, உச்சப் புள்ளி 100. கூற்றுகள் ஐந்து கூறுகளாகப் பிரிந்தன. இறைவனின் அல்லது விதியின் துணை, நடப்பதற்கொரு காரணம் என்ற இரண்டும் ஆன்மிகக் கூறாயின.

2007இல் யூ ஷியாவோனான், ஜாங் ஜியன்ஷின் இருவரும் சீனர்களிடம் அதைச் சோதித்தார்கள். ஐந்து கூறுகள் தேறவில்லை. விடாமுயற்சி, வலிமை, நன்னம்பிக்கை என மூன்றே வந்தன. ஆன்மிகம் தனித்து நிற்கவில்லை. சீன மாணவர் பற்றிய பல ஆய்வுகள் இவ்வடிவத்தையே கையாளுகின்றன.

எங்களுக்கு இதில் பாடமுண்டு. “நஸீபு” என்று சொல்லிவிட்டு மூலையில் குந்தும் பிள்ளையும், “எல்லாம் நலவுக்குத்தான்” என்று இரண்டாந்தரம் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளையும் அந்த ஆன்மிகக் கூற்றுகளுக்கு ஒரே 4 புள்ளியைப் போடலாம். முன்னது சோர்வு, பின்னதே ஸப்ர். வினாக்கொத்தைத் தமிழாக்குவது மட்டும் போதாது. அந்தச் சொல்லால் என்ன கருதுகிறாய் என்று முதலில் பிள்ளையிடமே கேட்க வேண்டும்.