படப்புத்தகமும் பெரியவர் தீர்ப்பும்

குழந்தைகளின் படப்புத்தகத்தை எழுதுவதும் வரைவதும் பெரியவர்கள். காசு கொடுத்து வாங்குவதும், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதும் அவர்களே. எந்தப் புத்தகம் வீட்டுக்குள் வர வேண்டும் என்பதில் பிள்ளையின் விருப்பத்துக்குப் பெரிதாக இடமில்லை.

மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ தமிழ்ப் படப்புத்தகம் தேடும் பெற்றோர் பொதுவாக இரண்டைப் பார்க்கிறார்கள்: பிள்ளை எழுத்தைக் கற்றுக்கொள்ளுமா, கதையில் நீதி இருக்கிறதா? தமிழ்ப்பள்ளிக்குப் போனதும் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழிகளையும் சுமக்கப்போகும் பிள்ளை அது. கவலை நியாயமானதுதான். ஆனால் இந்த இரண்டை மட்டும் வைத்து எடை போட்டால் பயிற்சிப் புத்தகமே எப்போதும் ஜெயிக்கும்.

நல்ல படப்புத்தகத்தில் வார்த்தை சொல்லாததைப் படம் சொல்லும். எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட ‘தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்’ இதற்கு எளிய சான்று. புழு தின்ற இடமெல்லாம் தாளில் ஓட்டை. பிள்ளை விரலை விட்டுப் பார்க்கும். சொற்கள் முந்நூறைக்கூடத் தொடாது. பக்கத்துக்கு எத்தனை வரி என்று எண்ணி விலையை நியாயப்படுத்துகிறவருக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரியலாம்.

பெரியவர் கணிப்பு பிசகிய கதைகள் பல. மோரிஸ் செண்டாக்கின் ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ 1963-இல் வந்தபோது, பூதங்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று சிலர் முகம் சுளித்தார்கள். உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் பின்னாளில் புத்தகத்தைப் படிக்காமலேயே அதைக் குறை கூறினார். ஆனால் வெளிவந்த மறு ஆண்டே அதற்குக் கால்டெகாட் பதக்கம் கிடைத்திருந்தது. பிள்ளைகளோ பூதங்களோடு சிநேகமாகிவிட்டார்கள். 1964-இல் வந்த ‘தி கிவிங் ட்ரீ’ வேறு மாதிரி: தன்னை வெட்டவும் கொடுக்கும் மரத்தைத் தாய்மை என்று உருகுவோரும், உறிஞ்சும் பையனுக்கு வக்காலத்து என்று எரிச்சலடைவோரும் இன்றுவரை சமாதானமாகவில்லை. இந்த வழக்கில் வாதிகள் எல்லோரும் பெரியவர்கள்.

தீர்ப்பு நூலகத்துக்கும் போகும். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் 2014-இல் மூன்று குழந்தைப் புத்தகங்களை விலக்கியது. அவற்றுள் ஒன்று கூழாக்கப்பட்டது. மற்ற இரண்டும் எதிர்ப்புக்குப் பின் பெரியவர் பகுதிக்கு மாறின.

அழகு மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி. சென்னையில் 1994-இல் தொடங்கிய தாரா புக்ஸின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி வரைந்தது. கையால் செய்த கறுப்புத் தாளில் பட்டுத்திரை அச்சு. 2008-இல் போலோன்யா குழந்தைப் புத்தகக் கண்காட்சியில் பரிசு பெற்றது. பிசுபிசுத்த கை படக்கூடாது என்று உயரத்து அலமாரிக்குப் போய்விடும் புத்தகமும் இதுவே.

கிள்ளான் பள்ளத்தாக்கில் விலையும் சேர்ந்து தீர்மானிக்கிறது. 2009-இல் இங்கே தொடங்கிய பிக் பேட் வுல்ஃப் விற்பனை ஆங்கிலப் படப்புத்தகத்தை மலிவாக்கியது. தமிழுக்குச் சென்னையின் தூலிகா போன்ற பதிப்பகங்களே கைகொடுக்கின்றன. 1996-இல் தொடங்கிய தூலிகாவின் இருமொழிப் புத்தகங்கள், தமிழ் எழுத்தில் தடுமாறும் பெற்றோருக்கும் உதவும். ஆனால் சத்தமாக வாசிக்கும்போது எழுத்துத் தமிழ் பல நேரம் பிள்ளையின் காதில் ஒட்டுவதில்லை. வாசிப்பவர் போகிறபோக்கில் பேச்சுத் தமிழாக்கிக்கொள்கிறார். அதில் தவறு ஒன்றுமில்லை. வாய்க்கு வராத வாக்கியத்தைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல சோதனையும் கிடையாது.

பிரதம் புக்ஸ் 2015-இல் திறந்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக வாசிக்கலாம், அச்சிடலாம், உரிமத்துக்கு உட்பட்டு மாற்றியும் எழுதலாம். கிள்ளான் ஆசிரியர் ஒருவர் வாக்கியங்களை இங்குள்ள பேச்சுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வழியுண்டு. படத்தில் ஓடும் ஆட்டோவை எல்ஆர்டி ரயிலாக்க மட்டும் உள்ளூர் ஓவியர் ஒருவர் வேண்டும்.